வெயில் படாத கடிகாரம்

மார்ச் 3, திங்கள்

பட்டாணியின் அம்மாவுக்கு,

போனில் பேசினால் நீ பாதியில் வைத்துவிடுகிறாய். நேரில் பேசினால் பக்கத்து வீட்டுக்காரர்கள் எட்டிப் பார்க்கிறார்கள். இனி எதுவானாலும் எழுத்தில்தான் என்று கோர்ட்டில் ஆலோசகர் அம்மா முன்னால் இரண்டு பேரும் தலையாட்டினோம். அதனால் எழுதுகிறேன். கோபமாகத்தான் எழுதுகிறேன், மறைக்கப்போவதில்லை.

நேற்று முன்தினம் மகளை என்னோடு அனுப்பினாய். ரயிலில் நாலு மணி நேரம் வருகிறவனுக்கு மாதத்தில் ஒரே ஒரு சனிக்கிழமை, அதுவும் பத்திலிருந்து ஐந்து வரை. போன ஜூனில் அவள் ஒன்பதாவது பிறந்தநாளுக்கு நான் வாங்கிக் கொடுத்த கடிகாரம் அவள் கையில் இல்லை. போன மாதங்களில் கேட்டபோதெல்லாம் வீட்டில் இருக்கிறது என்றவள், இந்த முறை பையின் அடியிலிருந்து எடுத்துக் கொடுத்தாள். கடிகார முகத்தில் ஒரு எண்கூட இல்லை. கழுவி வைத்த தட்டு மாதிரி இருந்தது.

சாப்பிட்ட இடத்தில் ஜன்னலோரம் வெயிலில் வைத்தேன். இரண்டு மணி நேரம் கழித்து உயிர் வந்தது. வந்து என்ன காட்டியது தெரியுமா? ஜனவரி ஒன்று, பன்னிரண்டு மணி. பிறந்த குழந்தை மாதிரி எல்லாவற்றையும் மறந்துவிட்டு எழுந்திருக்கிறது. தினமும் நான் கூப்பிடும் நேரம் அவளுக்குத் தெரியட்டும் என்று சாயங்காலம் ஆறரைக்கு அலாரம் வைத்துக் கொடுத்திருந்தேன். அதுவும் போயிருந்தது.

பதினாறு வருஷமாக லிஃப்ட் மெக்கானிக். நின்றுபோன லிஃப்டின் போர்டைத் திறந்து பார்த்தாலே யார் என்ன செய்தார்கள் என்று சொல்லிவிடுவேன். இதையும் சொல்கிறேன், கேட்டுக்கொள். இது வெளிச்சத்தில் ஓடும் கடிகாரம். முழு சார்ஜ் ஏறிவிட்டால், இருட்டில் போட்டாலும் ஐந்து மாதம் தாங்கும் என்று கூட வந்த தாளில் இருக்கிறது. அப்படியென்றால் ஐந்து மாதத்துக்கும் மேலாக இதை யாரோ வெளிச்சமே படாத இடத்தில் வைத்திருக்கிறார்கள். உன் வீட்டில் இருப்பதே இரண்டு பேர். மகள் எடுத்து ஒளித்து வைக்க மாட்டாள். மீதி யார் என்று நான் சொல்ல வேண்டுமா?

நேரம் வைத்து, அலாரமும் வைத்து, அவள் கையில் மறுபடி கட்டி அனுப்பியிருக்கிறேன். ஆனால் இரண்டு மணி நேர வெயில் ஒரு வாய் தண்ணீர் குடித்த மாதிரிதான். தினமும் காலையில் ஜன்னலோரம் முகம் மேலே பார்க்கிற மாதிரி வை. அடுப்புப் பக்கத்தில் வைக்காதே. சூட்டில் சீக்கிரம் ஏறும் என்று யாராவது சொன்னால் நம்பாதே. அதற்கு வேண்டியது வெளிச்சம், சூடு இல்லை. டியூப் லைட்டுக்கு அடியில் வைத்தாலும் ஏறும், ஆனால் நாள்கணக்கில் ஆகும். பள்ளிக்கூடத்துக்குக் கட்டிக்கொண்டு போனால் இது எதுவுமே தேவையில்லை.

பெரிய விடுமுறையில் முப்பது நாள் அவளை என்னிடம் அனுப்பும் சம்மதப் பாரத்தை இத்துடன் வைத்திருக்கிறேன். கையெழுத்துப் போட்டு அனுப்பு.

பட்டாணியின் அப்பா


மார்ச் 8, சனி

பட்டாணியின் அப்பாவுக்கு,

ஒரு கைக்கடிகாரத்துக்கு வெயில் காட்டுவது எப்படி என்று அரைப் பக்கம் எழுதியிருக்கிறீர்கள். ஜனவரியில் உங்கள் மகள் ஐந்து நாள் காய்ச்சலில் கிடந்தாள். அப்போது உங்களிடமிருந்து அரை வரி வரவில்லை. "மாத்திரை குடுத்தியா" என்று ஒரு குறுஞ்செய்தி, அதுவும் மூன்றாம் நாள்.

நான் காலை எட்டரைக்கு லேபில் உட்கார்ந்தால் சாயங்காலம் ஐந்து வரை ஊரார் வாய்க்குப் பல் செய்கிறேன். மெழுகில் ஈறு வைத்து, ஒவ்வொரு பல்லாக அடுக்கி, கடி சரியாக இருக்கிறதா என்று தேய்த்துத் தேய்த்துப் பார்த்து, வீட்டுக்கு வரும்போது புருவம் வரைக்கும் பிளாஸ்டர் தூள். வந்ததும் உங்கள் கடிகாரத்தை எடுத்துத் துணி சுற்றி ஒளித்து வைத்துக் கைகொட்டிச் சிரிக்க எனக்கு எங்கே நேரம்? நான் அதைத் தொட்டதே இல்லை. அவளுடைய சீருடை முழுக்கை. சட்டைக் கைக்குள் மறைந்தே கிடந்தால் அதற்கு வெளிச்சம் எங்கிருந்து வரும்? இதைக் கண்டுபிடிக்கப் பதினாறு வருஷ அனுபவம் வேண்டாம்.

மீதி யார் என்று கேட்டிருக்கிறீர்கள். ஏழு வருஷம் கூட இருந்தவளைப் பற்றி இவ்வளவுதான் தெரிந்துகொண்டீர்கள் என்றால், நாம் பிரிந்தது நல்லதாகப் போயிற்று.

பாரத்தில் கையெழுத்துப் போட மாட்டேன். திருப்பி அனுப்பவும் மாட்டேன், தபால்தலை வீண்.

பட்டாணியின் அம்மா


மார்ச் 13, வியாழன்

பட்டாணியின் அம்மாவுக்கு,

முழுக்கைக் கதையை வேறு யாரிடமாவது சொல். அதே மாடலில் ஒன்று என் கையிலும் இருக்கிறது. அவளுக்கு வாங்கிய அன்றே எனக்கும் வாங்கினேன். இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் அடிக்கட்டும் என்று. நான் நாள் முழுக்க லிஃப்ட் குழிக்குள், முழுக்கைச் சட்டைக்கு மேல் கையுறை போட்டுக்கொண்டு, டார்ச் வெளிச்சத்தில் வேலை செய்கிறவன். ஞாயிற்றுக்கிழமை ஒரு நாள் ஜன்னலில் வைக்கிறேன். அவ்வளவுதான். ஒரு தடவைகூட நின்றதில்லை. குழிக்குள் இருக்கிற கடிகாரம் உயிரோடு இருக்கிறது, பள்ளிக்கூடம் போகிற பெண்ணின் கடிகாரம் செத்துப்போகிறது. யாரை ஏமாற்றுகிறாய்?

கடிகாரத்தோடு போனால் பரவாயில்லை. அந்தச் சனிக்கிழமை முழுக்க அவள் என்னிடம் "ம்", "ம்ஹும்" தவிர எதுவும் பேசவில்லை. ஐஸ்கிரீம் வேண்டுமா? "ம்ஹும்." படகு ஏறலாமா? "ம்." நான் அலாரம் வைத்துக் கையில் கட்டியபோது கையை இழுத்துக்கொள்ளப் பார்த்தாள். என் மகள்! மூன்று வயதில் என் தோளிலிருந்து இறங்க மாட்டேன் என்று அடம் பிடித்தவள். இது அவளாகச் செய்கிற காரியம் இல்லை. யாரோ உட்கார வைத்துச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள்.

ஏப்ரல் 4 அன்று ஆலோசகர் அம்மாவிடம் என் கையில் ஓடுகிற கடிகாரத்தையும் அந்தத் தாளையும் மேஜைமேல் வைக்கப்போகிறேன். குழந்தைக்கு அப்பா கொடுத்த பொருளைக்கூட அண்டவிடாத வீடு என்று சொல்வேன். முப்பது நாளா, அதற்கு மேலா என்பதை அவர்களே முடிவு செய்யட்டும்.

பட்டாணியின் அப்பா


மார்ச் 20, வியாழன்

பட்டாணியின் அப்பாவுக்கு,

உங்கள் கடிதத்தை நாலு தடவை படித்தேன். நாலாவது தடவை, என்னைத் திட்டியதை விட்டுவிட்டு, மகளைப் பற்றி எழுதியதை மட்டும் படித்தேன். பிறகு அவளிடமே கேட்டேன். நான் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன், அவள் துடைத்துக்கொண்டிருந்தாள். முகத்தைப் பார்த்துக் கேட்டால் பதில் வராது, உங்கள் குணம்.

"அப்பா குடுத்த வாட்ச் எங்க இருந்துச்சு இத்தனை நாளு?"

"ஷூ பெட்டியில."

"பெட்டியில எங்க?"

"சாக்ஸுக்குள்ள. ரெண்டு சாக்ஸ்."

"ஏன்டி?"

"கத்துதுல்ல."

தட்டை வைத்துவிட்டு இன்னொரு தட்டை எடுத்தாள். நான் குழாயை மூடினேன்.

"தினம் ஆறரைக்கு கத்துதும்மா. அது கரெக்டா கத்திடும். அப்பாதான் கூப்பிட மாட்டாரு. சாக்ஸுக்குள்ள போட்டா கொஞ்சமாதான் கேக்கும்."

இதுதான் உங்கள் மேஜைமேல் வைக்க வேண்டிய சாட்சி. கொண்டுபோய் வையுங்கள்.

இன்னொன்றும் சொல்கிறேன், எனக்குச் சொல்லவே வெட்கமாக இருக்கிறது. அந்தச் சத்தத்தை நானும் கேட்டிருக்கிறேன். மாதக்கணக்கில், சாயங்காலம் ஆறரைக்கு, சுவருக்குள்ளிருந்து வருகிற மாதிரி "பீப் பீப்" என்று. கடிகார அலாரத்தை இவள் ஆகஸ்டிலேயே எப்படியோ நிறுத்திவிட்டாள் என்றிருந்தேன், அதனால் இது மேல்வீட்டு டீச்சரம்மாவின் மைக்ரோவேவ் என்று நினைத்து, படியேறிப் போய்ச் சண்டை போட்டேன். "எங்க வீட்ல அந்த சாமானே இல்லைங்க" என்று அவர்கள் சொன்னதை நான் நம்பவில்லை. ஜனவரியில் சத்தம் நின்றது. நான் கேட்ட கேள்வியில் ரோஷம் வந்து நிறுத்திவிட்டார்கள் என்று பெருமைப்பட்டுக்கொண்டேன். அந்தச் சத்தம் வரும்போதெல்லாம் இவள் என் எதிரில்தான் உட்கார்ந்து வீட்டுக்கணக்குப் போட்டுக்கொண்டிருப்பாள். தலை நிமிர்ந்ததே இல்லை.

அந்தச் சனிக்கிழமை நீங்கள் மறுபடி அலாரம் வைத்துக் கட்டி அனுப்பினீர்களே, வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றுவதற்கு முன்னால் அதைக் கழற்றினாள்.

சொல்லிக் கொடுத்தது யார் என்று கேட்டீர்கள். நீங்கள்தான்.

பட்டாணியின் அம்மா


மார்ச் 24, திங்கள்

நீ எழுதியது வந்தது. நான் என்ன சீட்டாடிக்கொண்டா இருந்தேன்? குழிக்குள் சிக்னல் கிடைக்காது என்று உனக்குத் தெரியும். ஆறு மணிக்கு அலுவலகங்கள் விடுகிற நேரம், அப்போதுதான் லிஃப்ட் மாட்டும். உள்ளே எட்டு பேர் கதவைத் தட்டிக்கொண்டு நிற்கும்போது "ஐயா பொறுங்க, பொண்ணுக்கு போன் பண்ணிட்டு வரேன்" என்று சொல்ல முடியுமா? போன மாதம் ஒரு கர்ப்பிணியை இரண்டு மாடிக்கு நடுவிலிருந்து இறக்கினேன். அவள் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார்கள்.

வாரத்தில் இரண்டு நாளாவது கூப்பிடத்தான் செய்கிறேன். அதை அவள் சொல்லவில்லையா, நீ எழுதவில்லையா?

அவளுக்கு எடுத்துச் சொல்லியிருக்க வேண்டியது நீ. அப்பா வேலையில் இருக்கிறார் என்று ஒரு வார்த்தை. அது உனக்கு அவ்வளவு கஷ்டமா?


மார்ச் 29, சனி

ஒரு வார்த்தையா? ஜூன் முழுக்கச் சொன்னேன். ஜூலை முழுக்கச் சொன்னேன். "அப்பா வேலையில இருப்பாருடா", "அப்பா கை அழுக்கா இருக்கும்டா", "அப்பாவுக்கு சிக்னல் இல்லடா". உங்களைப் பற்றி நான் சொன்ன நல்ல பொய்களை எல்லாம் சேர்த்தால் நாம் சேர்ந்து வாழ்ந்தபோது சொன்னதைவிட அதிகம். ஆகஸ்டில் எனக்கு அலுத்துவிட்டது, விட்டுவிட்டேன்.

யாரையும் லிஃப்டில் தவிக்க விட்டுவிட்டு வரச் சொல்லவில்லை. இறக்கியாயிற்று, கையைக் கழுவியாயிற்று. ஏழு மணிக்குக் கூப்பிட என்ன? எட்டு மணிக்கு? அந்தக் கர்ப்பிணியின் அம்மாவுக்கு உங்களைத் தெரிந்த அளவுக்குக்கூட உங்கள் மகளுக்குத் தெரியவில்லை.

ஆகஸ்ட் 8, வியாழக்கிழமை. நீச்சல் வகுப்பில் அன்றுதான் முதல்முறையாக யாரும் பிடிக்காமல் மிதந்தாள். ஈரத்தலையோடு வந்தாள். "நீ சொல்லாதம்மா, அப்பாகிட்ட நான்தான் சொல்லணும்" என்று என் போனை ஆறு மணிக்கே வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள். அலாரம் அடித்தது. அது தானாக நிற்கிற வரைக்கும் பார்த்துக்கொண்டிருந்தாள். எட்டு மணி வரைக்கும் போனைக் கீழே வைக்கவில்லை. சாப்பிடும்போதும் இடது கையில் போன். சார்ஜ் தீர்ந்துபோய் அது அணைந்ததும்தான் கொடுத்தாள்.

மறுநாள் காலையில் கேட்டாள்: "இந்த அலாரத்தை எப்படிம்மா எடுக்கறது?" நான் லேபுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன். அந்தக் கடிகாரத்தில் நாலு பொத்தான், எது என்ன என்று எனக்குத் தெரியாது. "அப்பா கூப்பிடும்போது அவரையே கேளு" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டேன்.

கேட்க ஒரு வாரம் காத்திருந்திருக்கிறாள். வாரத்தில் இரண்டு நாள் என்கிறீர்களே, அந்த வாரம் ஒரு நாள்கூட நீங்கள் கூப்பிடவில்லை. பிறகுதான் சாக்ஸ். என் பங்குக்கு நான் செய்தது அது. அதற்காக என்னை நானே திட்டிக்கொண்டாயிற்று. உங்கள் பங்குக்கு நீங்கள் சாட்சி தேடிக்கொண்டிருக்கிறீர்கள்.


ஏப்ரல் 3, வியாழன்

பட்டாணியின் அம்மாவுக்கு,

நாளைக்கு நான் ஆலோசகர் அம்மாவிடம் வரவில்லை. உடம்பு சரியில்லை என்று சொல்லவில்லை, எனக்குச் சொல்ல எதுவும் இல்லை என்று அவர்களுக்கே எழுதிப் போட்டுவிட்டேன்.

அந்த ஆகஸ்ட் வியாழக்கிழமை நான் குழிக்குள் இல்லை. ஞாபகம் இருக்கிறது. மறந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அன்றைக்கு வேலை நாலரைக்கே முடிந்துவிட்டது. கூட வேலை செய்கிறவனுக்கு மேஸ்திரியாகப் பதவி உயர்வு வந்திருந்தது. டீக்கடையில் எல்லோரும் உட்கார்ந்திருந்தோம். எனக்கு வர வேண்டிய பதவி அது என்று உள்ளே வெந்துகொண்டிருந்தேன், வெளியே சிரித்துக்கொண்டிருந்தேன். என் கையில் ஆறரைக்கு அடித்தது. அவள் கையில் அடித்த அதே நேரம். "என்னடா, பொண்டாட்டி கூப்பிடறாளா?" என்று ஒருத்தன் கேட்டான். எல்லோரும் சிரித்தார்கள். நான் பொத்தானை அழுத்தி அணைத்துவிட்டு, பத்து நிமிஷம் கழித்துக் கூப்பிடலாம் என்று நினைத்தேன். பத்து நிமிஷம் கழித்து இன்னொரு டீ வந்தது.

அது ஒரு நாள் மட்டும் இல்லை. குழிக்குள் இருந்த நாளும் உண்டு, இப்படிப் போன நாளும் உண்டு. எனக்கு அலாரத்தை எப்படி அணைப்பது என்று தெரியும். அவளுக்குத் தெரியாது. அவ்வளவுதான் வித்தியாசம். என்மேல் எனக்கு வருகிற கோபத்தை எங்கே கொண்டுபோய்க் கொட்டுவது என்று தெரியவில்லை. நேற்று ஒரு நல்ல ஸ்பேனரைச் சுவரில் வீசினேன். சுவர் என்ன செய்யும்?

அவள் கேட்ட கேள்விக்குப் பதில். இடது பக்கம் கீழே இருக்கிற பொத்தானை மூன்று தடவை அழுத்தினால் அலாரம் வைக்கிற இடம் வரும். அங்கே வலது பக்கம் கீழ்ப் பொத்தானை ஒரு தடவை அழுத்தினால் மணி அடையாளம் மறைந்துவிடும். பிறகு அடிக்காது. அவளே செய்யட்டும். அதற்கு முன்னால் ஒரு நாள் முழுக்க ஜன்னலில் இருக்க வேண்டும், சார்ஜ் இல்லாவிட்டால் பொத்தானும் கேட்காது.

முப்பது நாள் கேட்ட பாரத்தைக் கிழித்துப் போடு. நான் வருகிறேன். எப்போது என்று உனக்கும் சொல்ல மாட்டேன், அவளுக்கும் சொல்லாதே. நேரம் சொல்லிக் காக்க வைத்தது போதும்.

பட்டாணியின் அப்பா


ஏப்ரல் 14, திங்கள்

பட்டாணியின் அப்பாவுக்கு,

புதன்கிழமை பள்ளிக்கூட வாசலில் நின்றீர்கள் என்று அவள் சொல்லித்தான் தெரியும். கருவிப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டே வந்திருக்கிறீர்கள். ரயிலில் நாலு மணி நேரம் அதைச் சுமந்துகொண்டு வருவானேன்? அதை வைத்துவிட்டு வந்திருந்தால் இவ்வளவு நடந்திருக்காது.

உங்களைப் பார்த்ததும் ஓடி வரவில்லை என்று உங்களுக்கு வருத்தமாக இருந்திருக்கும். "இங்க எந்த லிஃப்ட் ரிப்பேர்?" என்று கேட்டாளாமே. "எதுவும் இல்லடா, உன்னைப் பார்க்கத்தான் வந்தேன்" என்று சொன்னீர்களாம். வீட்டு வாசல் வரைக்கும் நடந்து வந்து விட்டுவிட்டு, உள்ளே வராமல் போய்விட்டீர்கள். உள்ளே வந்திருந்தால் சண்டைதான், அது வேறு விஷயம்.

ராத்திரி சாப்பிடும்போது என்னிடம் கேட்டாள்.

"அப்பா வரேன்னு உன்கிட்ட சொன்னாராம்மா?"

"இல்லடா."

"அப்ப அவராவேதான் வந்தாரா?"

"அப்படித்தான் போல."

தட்டை எடுத்துக்கொண்டு எழுந்தாள். நம்பிவிட்டாள் என்று நினைத்தேன். நம்பவில்லை. மறுநாள் நான் லேபிலிருந்து சீக்கிரமே வந்திருந்தேன், அவள் பள்ளிக்கூடம் விட்டு அரை மணி நேரம் தாமதமாக வந்தாள். நான் வாசலுக்கும் தெருமுனைக்கும் நடந்து நடந்து கால் ஓய்ந்துபோய் நின்றேன். வந்ததும் அடிக்கக் கை ஓங்கினேன். அப்போதுதான் சொன்னாள்.

பள்ளிக்கூடத் தெருவில் லிஃப்ட் இருக்கிற கட்டடம் இரண்டுதான். துணிக்கடை ஒன்று, கண் ஆஸ்பத்திரி ஒன்று. இரண்டுக்கும் தனியாகப் போயிருக்கிறாள். "அங்கிள், நேத்து உங்க லிஃப்ட் ரிப்பேர் ஆச்சா? யாராவது மெக்கானிக் வந்தாங்களா?" என்று காவலாளிகளிடம் கேட்டிருக்கிறாள். துணிக்கடைக் காவலாளி இல்லை என்று சொல்லிவிட்டார். அதோடு விடாமல் கண் ஆஸ்பத்திரிக்கும் போயிருக்கிறாள். "இங்க ரிப்பேரே வரலியே பாப்பா, நல்லாத்தான் ஓடுது" என்று அவர் ஏறி இறங்கியும் காட்டினாராம்.

இதைச் சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்த்தாள். "நிஜமாவே என்னைப் பார்க்கத்தான்மா வந்திருக்காரு" என்றாள். ஓங்கிய கையை எங்கே வைத்துக்கொள்வது என்று எனக்குத் தெரியவில்லை.

என் கோபம் தீர்ந்துவிட்டது என்று மட்டும் நினைக்காதீர்கள். முன்பைவிட அதிகமாகத்தான் இருக்கிறது. ஒன்பது வயதுப் பெண், தன் அப்பா தன்னைப் பார்க்கத்தான் வந்தாரா என்று கட்டடம் கட்டடமாகப் போய் விசாரிக்கும்படி ஆக்கியிருக்கிறீர்கள். நானும் கூட நின்று ஆக்கியிருக்கிறேன்.

பாரத்தைக் கிழிக்கவில்லை, இத்துடன் வைத்திருக்கிறேன். முப்பதை அடித்துவிட்டுப் பத்து என்று எழுதியிருப்பது அவள் கையெழுத்து. கீழே இருப்பது என்னுடையது. "ஏன்டி பத்து?" என்று கேட்டேன். "மொதல்ல பத்து நாள் பார்ப்போம்" என்றாள்.

பட்டாணியின் அம்மா